பில்லிங் சர்வருக்குக் கனெக்ஷன் வரவில்லையா: பிழைச் செய்தியைப் படித்து அடைப்பைக் கண்டுபிடிப்பது

கவுன்டரில் ஆட்கள் வரிசையில் நிற்க, பில்லிங் திரையில் கனெக்ஷன் பிழை வந்தால் முதல் வேலை அந்தச் செய்தியை ஒரு எழுத்து விடாமல் படிப்பதுதான். "சர்வர் வேலை செய்யலைங்க" என்று போனில் சொல்வதை வைத்து எதையும் தொடாதீர்கள். திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கவுன்டரிலிருந்து கிளம்பும் கனெக்ஷன் டேட்டாபேஸுக்குள் போய்ச் சேர, கேபிள், ஃபயர்வால், சர்வர் கேட்கும் முகவரி, அனுமதிப் பட்டியல், பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பெயர், காலியான கனெக்ஷன் இடம் என்று வரிசையாகத் தாண்டிப் போக வேண்டும். எங்கே மறிக்கப்பட்டதோ அதற்கேற்ற செய்திதான் திரையில் வரும். ஃபயர்வாலில் நின்ற கனெக்ஷனுக்குப் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது வீண். அதைவிட மோசம், ஒரே நேரத்தில் நாலு செட்டிங்கை மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் நிற்பது.

உதாரணத்துக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தலைமைக் கடை, முதுநகரில் குடோன், புதுவையில் ஒரு கிளை. கடையில் 14 கம்ப்யூட்டர்கள். சர்வரில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், முகவரி 192.168.1.10, அது கேட்கும் போர்ட் (கதவு எண் மாதிரி) 5432. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், புதுவையுடையது 34-இல் தொடங்கும். பதிவும் கணக்கும் தனித்தனி. அதனால் ஒரே சர்வரில் கடலூர், புதுவை என்று இரண்டு டேட்டாபேஸ்கள். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

அறிகுறி: இருபது விநாடி போல யோசித்துவிட்டு "கனெக்ஷன் டைம்டு அவுட்"

போன தகவலுக்குப் பதிலே வரவில்லை என்று பொருள். டேட்டாபேஸுக்கு இந்தக் கனெக்ஷன் வந்ததே தெரியாது. அதன் லாகில் (நடப்பதை எழுதிவைக்கும் ஃபைலில்) தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

கவுன்டர் கம்ப்யூட்டரில் பவர்ஷெல்லைத் திறந்து "டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.10 -போர்ட் 5432" என்று ஓட்டுங்கள். கடைசி வரியில் ட்ரூ வந்தால் வழி திறந்திருக்கிறது. ஃபால்ஸ் வந்தால் அடைப்பு டேட்டாபேஸுக்கு முன்னால், வழியில். வெறும் பிங்கை நம்ப வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் மறித்து 5432-ஐ விடலாம், தலைகீழாகவும் நடக்கலாம்.

அடுத்து சர்வரில் "ஐபிகான்ஃபிக்". முகவரி இன்னும் 192.168.1.10 தானா? ஃபைபர் இணைப்பை மாற்றும்போது புது ரவுட்டர் வைத்துவிட்டுப் போவார்கள், அது 192.168.0 அல்லது வேறு வரிசையில் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் வேறு முகவரியைச் சர்வருக்குக் கொடுப்பதும் உண்டு. ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் (முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் இடம்) சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 192.168.1.10-ஐ நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள். கடைக்குச் சர்வர் வாங்கிய முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது.

முகவரி சரி, ஆனாலும் ஃபால்ஸ் என்றால் ஃபயர்வால். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புது ரவுட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகக் கருதி "பப்ளிக்" வகையில் போட்டுவிடும். 5432-க்கான இன்பவுண்டு விதியை "பிரைவேட்" வகைக்கு மட்டும் எழுதியிருந்தால், அன்றிலிருந்து அது செல்லாது. விதி திரையில் பச்சை டிக்கோடு இருக்கும், ஆனால் வேலை செய்யாது. நெட்வொர்க் வகையைப் பிரைவேட்டுக்கு மாற்றினால் போதும். ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போகாதீர்கள். அணைத்ததை மறுபடி போட யாருக்கும் நினைவிருக்காது.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும், அதுவும் விட்டுவிட்டு இப்படி வந்தால் கேபிளைப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில், அதிலும் முதுநகர், வைத்திக்குப்பம் மாதிரிக் கடலோர இடங்களில், ஆர்ஜே45 முனையின் உலோகப் பற்கள் பச்சையாகப் பூத்துவிடும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நெட்வொர்க் கார்டின் ஸ்டேட்டஸில் வேகம் 1 ஜிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். ஒரு ஜோடியில் தொடர்பு கெட்டாலே வேகம் இறங்கிவிடும். முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். சுரண்டித் துடைத்துப் பயன்படுத்தினால் மேல்பூச்சும் போய், முன்பைவிடச் சீக்கிரமாகப் பூக்கும்.

அறிகுறி: ஓரிரு விநாடியிலேயே "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு"

இது நல்ல அறிகுறி. சர்வர் கம்ப்யூட்டர் வரை போய்விட்டது. ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை. முதலில் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் லாகைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்தும் மறுக்கிறது, சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் வேலை செய்கிறது என்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் ஃபைலில் லிசன்_அட்ரஸஸ் என்ற வரியைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தன் போக்கில் வைத்திருப்பது 'லோக்கல்ஹோஸ்ட்'. வெளிக் கம்ப்யூட்டருக்குக் காதே கொடுக்காது. அதை '*' என்று மாற்றி, வரியின் முன்னால் # இருந்தால் எடுத்துவிட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த செட்டிங்குக்கு ரீலோட் (சர்வீஸை நிறுத்தாமல் செட்டிங்கை மறுபடி படிக்க வைப்பது) போதாது.

மாற்றியும் பலிக்கவில்லையா? சர்வரில் டேட்டாபேஸுக்குள் நுழைந்து "ஷோ கான்ஃபிக்_ஃபைல்;" என்று கேளுங்கள். பழைய பதிப்பின் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை நீங்கள் திருத்திக்கொண்டிருக்கக்கூடும். இரண்டு பதிப்புகள் ஒரே சர்வரில் இருந்தால் இரண்டாவது 5433-இல் கேட்டுக்கொண்டிருப்பதும் வழக்கம். ஃபைல் சரியாக இருந்தால் அதே ஃபோல்டரில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்று ஒன்று இருக்கும். "ஆல்டர் சிஸ்டம்" கட்டளையால் செய்த மாற்றங்கள் அதில் போய் உட்காரும், முதல் ஃபைலில் எழுதியதைத் தள்ளிவிட்டு அவைதான் செல்லும்.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் வரும் வகை ஒன்று உண்டு. கரன்ட் வந்து சர்வர் தானாக எழுந்திருக்கும். சர்வரில் பார்த்தால் எல்லாம் சரி, கவுன்டர்களில் ரெஃப்யூஸ்டு. சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அடுத்த மின்வெட்டில் மறுபடி வரும். லிசன்_அட்ரஸஸில் 'லோக்கல்ஹோஸ்ட், 192.168.1.10' என்று முகவரியைக் குறித்து எழுதியிருப்பார்கள். ரவுட்டரும் ஸ்விட்ச்சும் எழுந்திருப்பதற்குள் போஸ்ட்கிரெஸ் எழுந்துவிட்டால் அந்த முகவரி அப்போது கம்ப்யூட்டரிடம் இருக்காது. லாகில் "குட் நாட் பைண்ட்" என்று ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, கிடைத்த லோக்கல்ஹோஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். '*' போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. யாரை உள்ளே விடுவது என்பதை ஃபயர்வாலும் அனுமதிப் பட்டியலும் பார்த்துக்கொள்ளட்டும். ரவுட்டரையும் ஸ்விட்ச்சையும் யுபிஎஸ்ஸில் சேர்த்துவிடுவதும் நல்லது; அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு.

அறிகுறி: "நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி ஃபார் ஹோஸ்ட்…"

போஸ்ட்கிரெஸ் உங்களோடு பேசிவிட்டது, பட்டியலில் பெயர் இல்லை என்கிறது. செய்தியிலேயே எந்த முகவரி, எந்த யூசர், எந்த டேட்டாபேஸ், என்கிரிப்ஷன் உண்டா இல்லையா என்ற நான்கும் இருக்கும். அந்த நான்குக்கும் பொருந்தும் ஒரு வரி பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ற அனுமதிப் பட்டியல் ஃபைலில் வேண்டும். இப்படி:

ஹோஸ்ட்    கடலூர்    பில்லிங்    192.168.1.0/24    ஸ்க்ராம்-எஸ்ஹெச்ஏ-256

இடமிருந்து வலமாக: எந்த வகைக் கனெக்ஷன், எந்த டேட்டாபேஸ், எந்த யூசர், எங்கிருந்து, எப்படிச் சோதிப்பது. /24 என்றால் முதல் மூன்று எண்கள் பொருந்தினால் போதும், 192.168.1-இல் தொடங்கும் அத்தனை கம்ப்யூட்டரும் அடங்கும். /32 என்றால் அந்த ஒரே கம்ப்யூட்டர். ஒரு கவுன்டரில் வேலை செய்து மற்றவற்றில் மறுத்தால் இங்கே 32 கிடக்கிறதா என்று பாருங்கள். முதல் சொல் ஹோஸ்ட்எஸ்எஸ்எல் என்று இருந்து, பிழைச் செய்தி "நோ என்கிரிப்ஷன்" என்று முடிந்தால், வரி சரி. கிளையன்ட் (கவுன்டர் மென்பொருள்) எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் இல்லாமல் வருகிறது.

போஸ்ட்கிரெஸ் இந்த ஃபைலை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திவிடும். அதில் சோதனை தோற்றால் அடுத்த வரிக்குப் போவதில்லை. "சரியான வரியைச் சேர்த்துவிட்டேன், இன்னும் மறுக்கிறது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், அதற்கு மேலே இன்னொரு பொதுவான வரி பொருந்திவிடுவதுதான். குறிப்பானவை மேலே, பொதுவானவை கீழே.

திருத்தியபின் "செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்();" போதும்; ரீஸ்டார்ட் வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் பில் எதுவும் அறுபடாது. ரீலோட் செய்யும் முன் "செலக்ட் * ஃப்ரம் பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்;" என்று ஓட்டி, எரர் என்ற பத்தி எல்லா வரியிலும் காலியாக இருக்கிறதா பாருங்கள். ஃபைலில் எழுத்துப்பிழை ஒன்று இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் புதியதை ஏற்காமல் பழைய பட்டியலையே வைத்துக்கொள்ளும், லாகில் மட்டும் சொல்லும். இது தெரியாமல், சரியாகத்தானே எழுதினோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வோர் ஏராளம்.

இந்த இடத்தில்தான் அவசரத்தில் 0.0.0.0/0, கடைசியில் "ட்ரஸ்ட்" என்று ஒரு வரியைப் போட்டுவிடுகிறார்கள். எந்த முகவரியிலிருந்து யார் வந்தாலும், பாஸ்வேர்டு கேட்காமல், எல்லா அதிகாரமும் உள்ள போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசராகக்கூட உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம். கடை வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த எவரும் வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கை அழிக்கலாம். சோதனைக்காக ஐந்து நிமிடம்கூட வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில் பில் ஓடத் தொடங்கிவிடும், அதன்பின் யாரும் அந்த வரியை எடுக்க மாட்டார்கள்.

அறிகுறி: "பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெய்ல்டு ஃபார் யூசர்"

கவுன்டர் திரையில் வரும் இந்தச் செய்தி வேண்டுமென்றே மொட்டையாக வைக்கப்பட்டது, வெளியாள் எதையும் ஊகிக்கக் கூடாது என்பதற்காக. உண்மைக் காரணம் சர்வரின் லாகில், அடுத்த வரியில் "டீடெய்ல்" என்று வரும். விண்டோஸில் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் என்ற ஃபோல்டரில் தேடுங்கள். "ரோல் … டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்றால் அந்தப் பெயரில் யூசரே இல்லை. "ஹேஸ் நோ பாஸ்வேர்டு அசைன்டு" என்றால் யூசரை உருவாக்கியவர் பாஸ்வேர்டு வைக்க மறந்திருக்கிறார். "எக்ஸ்பயர்டு பாஸ்வேர்டு" என்றால் வேலிட் அன்டில் தேதி தாண்டிவிட்டது. இவை எதுவும் இல்லாமல் "கனெக்ஷன் மேட்ச்டு" என்று ஹெச்பிஏ ஃபைலின் வரி எண்ணை மட்டும் காட்டினால், பாஸ்வேர்டுதான் தப்பு. அந்த வரி எண்ணையும் பாருங்கள். நீங்கள் நினைத்த வரிதானா என்பது அதில் தெரிந்துவிடும்.

பாஸ்வேர்டு சரியென்று சத்தியம் செய்கிறார்கள், அதோடு செய்தியும் "குட் நாட் ட்ரான்ஸ்லேட் ஹோஸ்ட் நேம்" என்று வேறு மாதிரி வருகிறது என்றால், பாஸ்வேர்டில் @ இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர்ப்பெயர், @, 123 என்று வைப்பது நம் பக்கம் சகஜம். கனெக்ஷன் விவரத்தை ஒரே வரி முகவரியாக எழுதும் மென்பொருளில் பாஸ்வேர்டு முடிந்து சர்வர் பெயர் தொடங்குவதைக் காட்டுவதே அந்த @ தான். முதல் @-லேயே வெட்டிவிட்டு, "123@192.168.1.10" என்ற பெயரில் ஒரு சர்வரைத் தேடப் போய்விடும். அங்கே @-க்குப் பதிலாக %40 என்று எழுத வேண்டும்.

"ஆதென்டிகேஷன் டைப் 10 இஸ் நாட் சப்போர்ட்டட்" என்று வந்தால் பாஸ்வேர்டில் குறையில்லை, கவுன்டரில் இருக்கும் டிரைவர் (பில்லிங் மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் நிரல்) பழசு. ஸ்க்ராம் என்ற பாஸ்வேர்டு சோதிக்கும் முறை 2017-இல் போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10-இல் வந்தது. 2021-இல் வந்த 14 முதல் புதுப் பாஸ்வேர்டுகள் எல்லாம் அதிலேயே சேமிக்கப்படுகின்றன. சர்வரை மாற்றிய மறுநாள் பழைய ஓடிபிசி டிரைவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் மட்டும் நிற்பது இதனால்தான். டிரைவரைப் புதுப்பியுங்கள். மென்பொருள் 32 பிட் என்றால், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் டிரைவர்தான் போட வேண்டும். எம்டி5 என்ற பழைய முறைக்கு இறங்குவது தீர்வாகாது. 2025-இல் வந்த பதிப்பு 18 அதைக் கைவிடப்போவதாக அறிவித்தேவிட்டது.

அறிகுறி: "டேட்டாபேஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்", ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம். மேற்கோள்குறி இல்லாமல் "கிரியேட் டேட்டாபேஸ்" கொடுத்தபோது பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டியிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அதைச் சின்னதாக்கிச் சேமித்துவிடும். கனெக்ட் செய்யும்போது அப்படி மாற்றாது. புதுவைக் கிளையின் செட்டிங்கில் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கட்டும். யூசர் பெயருக்கும் இதே கதிதான்.

அறிகுறி: காலையில் சரி, கூட்ட நேரத்தில் சில கவுன்டர்களுக்கு மட்டும் இடமில்லை

ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் என்ற வரம்பான மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் வழக்கமாக 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது, மீதி 97. பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 10 கனெக்ஷன் கொண்ட பூல் (திறந்தே வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு) வைத்தால் 14 கம்ப்யூட்டருக்கு 140. ஒன்பது கம்ப்யூட்டர்கள் 90-ஐப் பிடித்துக்கொண்டால் பத்தாவது ஏழோடு திணறும், பதினொன்றாவதுக்கு ஒன்றும் கிடைக்காது. தீபாவளி, பொங்கல் வாரத்தில் எல்லாக் கவுன்டரையும் திறக்கும்போதுதான் இது வெளியே தெரியும்.

எந்தச் செய்தி வருகிறது என்பதையும் கவனியுங்கள். "ரிமெய்னிங் கனெக்ஷன் ஸ்லாட்ஸ் ஆர் ரிசர்வ்டு" என்றால் அந்த மூன்று இடம் இன்னும் காலி. நீங்கள் சூப்பர்யூசராக உள்ளே போய்ப் பார்க்கலாம். "சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்றால் நூறும் நிரம்பிவிட்டது. பெரும்பாலும் பில்லிங் மென்பொருளே சூப்பர்யூசராக நுழைகிறது என்பதன் அடையாளம் அது. உடனே தனி யூசர் ஒன்றை உருவாக்கி அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நெருக்கடி நேரத்தில் உங்களுக்கே கதவு திறக்காது.

உள்ளே போனதும் இதை ஓட்டுங்கள்:

செலக்ட் கிளையன்ட்_அட்ர், ஸ்டேட், கவுன்ட்(*) ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி குரூப் பை 1, 2 ஆர்டர் பை 3 டெஸ்க்;

ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே ஐடில் 9, ஆக்டிவ் 1 என்கிற மாதிரி வந்தால் பூல் தேவைக்கு மேல் பெரிது. ஒரு கவுன்டருக்கு 3 தாராளம்; 14 × 3 = 42. மேக்ஸ்_கனெக்ஷன்ஸை 500 ஆக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு கனெக்ஷனும் சர்வரில் தனி பிராசஸ், தனி மெமரி. 8 ஜிபி மெமரி உள்ள கடை சர்வர் அதில் மூச்சுத் திணறும். ரிப்போர்ட் எடுப்பவர்களுக்குத் தனி யூசர் கொடுத்து "ஆல்டர் ரோல் ரிப்போர்ட் கனெக்ஷன் லிமிட் 5;" என்று கட்டுப்படுத்திவிட்டால் ஆடிட்டர் வரும் நாளில் கவுன்டர் நிற்காது.

அந்தப் பட்டியலில் "ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்" என்று நீண்ட நேரமாக எவராவது இருந்தால், பாதி பில்லைத் திறந்துவைத்துவிட்டு டீக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சரக்கின் இருப்பு வரியை அவர் பூட்டிவைத்திருந்தால் மற்றவர் திரையும் உறையும். ஐடில்_இன்_ட்ரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்பதை '10மின்' என்று வைத்து ரீலோட் செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் சர்வரே அறுத்துவிடும்.

அறிகுறி: சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு "சர்வர் க்ளோஸ்டு த கனெக்ஷன் அன்எக்ஸ்பெக்டட்லி"

ஒரே கடைக்குள், ஒரே ஸ்விட்ச்சில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இப்படி வந்தால் அது தூங்கிவிட்டது என்று பொருள். ஸ்லீப்பை நிறுத்துங்கள், நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் டிக்கையும் எடுங்கள். முதுநகர் குடோன், புதுவைக் கிளை மாதிரி ரவுட்டர் தாண்டி வருகிறவர்களுக்கு மட்டும் வந்தால் காரணம் வேறு. பேச்சில்லாத கனெக்ஷனை ரவுட்டர் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. உயிரோடு இருக்கிறாயா என்று லினக்ஸும் விண்டோஸும் கேட்க வழக்கமாக இரண்டு மணி நேரம் ஆகும், ரவுட்டருக்கு அத்தனை பொறுமை கிடையாது. டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் 60, டிசிபி_கீப்அலைவ்ஸ்_இன்டர்வல் 10 என்று வைத்து ரீலோட் செய்யுங்கள். புதிதாக வரும் கனெக்ஷன்களுக்கு அது பொருந்தும்.

அறிகுறி: கடலூரில் எல்லாம் சரி, புதுவைக் கிளைக்கு மட்டும் வரவில்லை

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பும் செட்டிங்) போட்டும் பலிக்கவில்லை என்றால், ரவுட்டரின் வேன் (இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது; வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரைத் தொடவே முடியாது. முடிந்தாலும் 5432-ஐ இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். இரவு பகலாகப் போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்கு அது அழைப்பு. வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிவழி) போடுங்கள். இரண்டு பக்கமும் இந்தப் பொது முகவரிச் சிக்கல் இருந்தால், நிலையான முகவரி உள்ள சின்ன வாடகைச் சர்வர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். கிளைப் பக்க வயர்கார்டு செட்டிங்கில், தொடர்பை உயிரோடு வைத்திருக்கும் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 என்று இருக்கட்டும்.

விபிஎன் வந்ததும் "நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி" வந்தால் பதற வேண்டாம். கிளை இப்போது 10.8.0.3 மாதிரி விபிஎன் முகவரியில் வருகிறது. செய்தியில் இருக்கும் அந்த முகவரியைப் பார்த்து, புதுவை டேட்டாபேஸுக்கு 10.8.0.0/24 என்று தனி வரி எழுதுங்கள்.

லாகின் ஆகிறது, ஒரு பில் வருகிறது, மாத ரிப்போர்ட் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அளவு வரம்பு. பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றன. கிளையிலிருந்து சர்வரின் விபிஎன் முகவரிக்கு "பிங் -எஃப் -எல் 1392" ஓட்டுங்கள். வயர்கார்டின் வழக்கமான 1420-இல் 28-ஐக் கழித்தால் வருவது அது. பதில் இல்லையென்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு 28-ஐக் கூட்டி இரண்டு பக்க வயர்கார்டு செட்டிங்கிலும் எம்டியுவாக எழுதுங்கள்.

அறிகுறி: மின்வெட்டுக்குப் பின் "த டேட்டாபேஸ் சிஸ்டம் இஸ் ஸ்டார்ட்டிங் அப்"

கார்த்திகை மழையில் யுபிஎஸ் தீர்ந்து சர்வர் பொத்தென்று அணைந்திருந்தால் இது வரும். எழுதி முடிக்காமல் விட்ட வேலைகளை போஸ்ட்கிரெஸ் தன் வால் ஃபைல்களிலிருந்து (ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் ஃபைல்கள்) படித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறது. லாகில் "ரீ-டூ" என்று தொடங்கும் வரிகள் தெரியும். காத்திருங்கள். சர்வீஸை நிறுத்தி நிறுத்திப் போட்டால் அந்த வேலை திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். "போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்" என்று சொல்லி எழும்பவே மறுத்தால், டாஸ்க் மேனேஜரில் போஸ்ட்கிரெஸ் பெயரில் ஒரு பிராசஸ்கூட இல்லை என்று உறுதி செய்தபிறகு அந்த ஒரு ஃபைலை மட்டும் நீக்கலாம். பிஜி_வால் ஃபோல்டர் பெரிதாக இருக்கிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். அன்று மாலை வரை போட்ட பில்களில் கடைசியாகப் போட்டவை அங்கேதான் இருக்கின்றன.